பெஹாலாவில் ஈஸ்டர் திங்கள்

'டக்' என்று ஒரு சத்தம்.

நவமணி திரும்பிப் பார்ப்பதற்குள் அந்தத் தொப்பி டிராமின் படியில் உருண்டு, விளிம்பில் ஒரு கணம் தயங்கி, கல்கத்தாவின் தர்மதலாத் தெருச் சேற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

குற்றவாளி அவள் கையிலிருந்த மூட்டைதான். பழைய படுக்கை விரிப்பில் சுற்றிக் கட்டிய ஐந்து கோல்ஃப் மட்டைகள். தச்சனிடம் பழுது பார்க்கக் கொடுத்திருந்ததை வாங்கிக்கொண்டு வருகிறாள். உட்கார இடம் தேடி அவள் இந்தப் பக்கம் திரும்ப, மூட்டையும் திரும்பிவிட்டது... அவ்வளவுதான்.

தொப்பிக்காரன் ஓடும் டிராமிலிருந்து குதித்தான். சேற்றிலிருந்து தொப்பியை எடுத்தான். ஓடி வந்து மறுபடியும் தொற்றிக்கொண்டான். மூச்சு வாங்க அவளுக்கு எதிர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது, சற்று முன் பெய்து ஓய்ந்த மழையின் மிச்சம் அவன் முடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"எக்டு... எக்டு ஷாப்தானே..." என்றான். கொஞ்சம் கவனமாக என்று வங்காளியில் சொல்கிறானாம். அந்த வங்காளி நொண்டியது.

நவமணி சுத்தமான வங்காளியில் மன்னிப்புக் கேட்டாள். பவானிபூரில் வளர்ந்தவள். அங்கேயே மிஷன் பள்ளிக்கூடத்தில் வங்காளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவள். சேலையும் அந்த ஊர்க் கட்டுத்தான். அவளைப் பார்த்தால் யார்தான் தமிழச்சி என்று சொல்வார்கள்?

அவன் சேறு வழியும் தொப்பியைப் பார்த்தான். மூட்டையைப் பார்த்தான். பிறகு தனக்குத்தானே முணுமுணுத்தான்.

"சிலம்பக் கம்பை மூட்டை கட்டிக்கிட்டு டிராமுல ஏறுதாளே... எந்தப் பயில்வான் பெத்த மகளோ..."

நவமணியின் காதுகள் விறைத்தன. தமிழ்! அதுவும் திருநெல்வேலித் தமிழ்! வீட்டில் அப்பா பேசும் தமிழ்!

பதிலுக்கு நாலு வார்த்தை கேட்க அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அடுத்த முணுமுணுப்பு வந்தது.

"நானும் நல்லாக் கேக்கணும்னுதான் வந்தேன்... அந்தக் கண்ணைப் பாத்ததும் படிச்ச வங்காளி பூராவும் மறந்துபோச்சே... ஆண்டவரே, இப்படியுமா ஒரு சோடிக் கண்ணைப் படைப்பீரு..."

நவமணி திறந்த வாயை மூடிக்கொண்டாள். கன்னம் இரண்டும் சுட்டன. சன்னல் பக்கம் திரும்பி உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை... ஒரே ஒரு தமிழ் வார்த்தை சொன்னால் போதும், மனுஷன் டிராமிலிருந்து குதித்தே விடுவான். சொல்லவில்லை அவள். திரும்பி, வங்காளியில் வெகு இனிமையாகக் கேட்டாள்: "என்னவோ சொன்னீர்களே?"

"நா... நா... கிச்சு நா..." ஒன்றுமில்லை என்று தலையையும் கையையும் சேர்த்து ஆட்டினான் அவன்.

பவானிபூரில் இறங்கி வீடு வரும் வரை அவள் சிரித்துக்கொண்டே நடந்தாள். வீட்டுக்கு வந்து முதல் காரியமாகக் கண்ணாடியைப் பார்த்தாள். எல்லோருக்கும் இருக்கிற கண்கள்தானே... அப்படி என்ன இருக்கிறது இதில்?

* * *

அந்த மட்டைகள் வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும்.

கல்கத்தாவில் உத்தியோகம் பார்த்த திருநெல்வேலிக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பவானிபூரில் ஒரு சின்னச் சபையாகக் கூடி வந்தன. ஞாயிறு மாலையில் தமிழ் ஆராதனை. அவர்களுக்கு முதலில் போதகராக இருந்தவர் ஸ்காட்லாந்துக்காரர். வேதாகமத்துக்கு அடுத்தபடி கோல்ஃபை நேசித்தவர். ஈஸ்டர் திங்கள் விடுமுறையில் ஆண்களெல்லாம் சீட்டாடிக் கெட்டுப்போகிறார்கள் என்று கவலைப்பட்டு, பெஹாலாவில் பிஸ்வாஸ் பாபுவின் மாந்தோப்பை அடுத்த மேய்ச்சல் நிலத்தில் ஆறு குழிகள் வெட்டினார். பந்துகள் குறைவு. அதனால் இரண்டு பேருக்கு ஒரு பந்து, மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். குறைந்த அடியில் ஆறு குழியிலும் பந்தை விழத்தட்டும் சோடிக்கு அவருடைய வெள்ளி முலாம் பூசிய தேநீர்க் கெண்டி பரிசு.

சீமைக்குத் திரும்பும்போது மட்டைகளையும் கெண்டியையும் நவமணியின் அப்பா வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். கப்பல் கம்பெனியில் தலைமை குமாஸ்தா வேதமாணிக்கம். அன்று முதல் ஈஸ்டர் திங்கள் பந்தயம் அவர் பொறுப்பு. கோடு போடுவார், கொடி நடுவார், விதி சொல்வார், சண்டை தீர்ப்பார். ஆனால் ஒரு வருஷமாவது அந்தக் கெண்டியை அவர் ஜெயித்ததில்லை.

இந்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில், பந்தயமே நடக்குமா என்று ஆகிவிட்டது. தலைநகரம் டில்லிக்குப் போகிறது என்று ராஜா அறிவித்துவிட்டாரே! சர்க்கார் உத்தியோகஸ்தர்களெல்லாம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். சபையில் பாதி பெஞ்சு காலி. ஆட ஆண்கள் போதவில்லை.

"ஆம்பிளை போதலைன்னா என்ன? பொம்பிளைகள் இல்லையா?" என்று கேட்டவர் புதுப் போதகர் தேவவரம். சோடிக்கு ஓர் ஆண், ஒரு பெண். சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்றார். வேதமாணிக்கம் முகத்தைச் சுளித்தார். நவமணிக்கோ உள்ளுக்குள் கும்மாளம்! எத்தனை வருஷமாக மொட்டைமாடியில் பித்தளை டம்ளரைச் சாய்த்து வைத்து அதற்குள் பந்தைத் தள்ளித் தள்ளிப் பழகியிருக்கிறாள்!

ஈஸ்டர் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் எழுந்தார். "பாளையங்கோட்டைப் பிள்ளையாண்டான் ஒருத்தர் நம்ம சபைக்குப் புதுசா வந்திருக்காரு. மராமத்து இலாகாவில படம் வரையுற உத்தியோகம். பேரு ஞானசிகாமணி. எந்திரிங்க தம்பி."

எழுந்தவனைப் பார்த்து நவமணிக்கு மூச்சு நின்றது. கையில்... நன்றாகத் துடைத்த அதே தொப்பி!

"தம்பிக்கு கோல்ஃப் வருமா?"

சிகாமணி சபையைச் சுற்றிப் பார்த்தான். எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மெட்ராஸ்ல... ஆடியிருக்கேன் ஐயா," என்றான்.

"அப்ப உங்க பேரையும் போட்டாச்சு! நவமணி, வந்து சீட்டை எடுத்து வாசிம்மா."

நவமணி முன்னால் வந்து, "சபையாருக்கு ஸ்தோத்திரம்," என்று தமிழில் தொடங்கினாள்.

மூன்றாவது பெஞ்சில் பாட்டுப் புத்தகம் ஒன்று தொப்பென்று தரையில் விழுந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவாள்.

ஒரு கூடையில் பெண்கள் பெயர், இன்னொன்றில் ஆண்கள் பெயர். அவள் பெயர் வந்தது. மற்றக் கூடையில் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தாள். 'உபதேசியார் மாசிலாமணி' என்றிருந்தது. பாவம், பேரன் பேத்தி எடுத்தவர், முழங்கால் வலிக்காரர்...

ஒரே ஒரு நொடி.

"நவமணியுடன்... ஞானசிகாமணி," என்று வாசித்தாள். எல்லாம் மணிதானே என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவன் சீட்டு வந்தபோது உபதேசியாரின் பெயரை வாசித்துக் கணக்கைச் சரிக்கட்டினாள். நெஞ்சு படபடவென்று அடித்தது... கோயிலுக்குள்ளேயே!

வெளியே வந்ததும் அவன் வாசலில் நின்றிருந்தான். காது மடல்கள் சிவந்திருந்தன.

"நீங்க... தமிழா?"

"இல்ல... பயில்வான் மகள்."

"ஐயோ... அப்ப எல்லாம் காதுல விழுந்துட்டுதா?"

"எல்லாம்னா... எது வரைக்கும்?"

அவன் திருதிருவென்று விழித்தான்.

"கண்ணு வரைக்கும் விழுந்தது..." என்று சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அம்மாவின் பின்னால் ஓடிப்போனாள் நவமணி.

* * *

திங்கள் காலை டிராமைப் பிடித்து சபையே பெஹாலாவில் இறங்கியது. புளியோதரைப் பொட்டலம், எலுமிச்சம்பழச் சாறு, குடை, பாய், கைக்குழந்தைகள்... மாம்பிஞ்சு வாசனையோடு காற்று சூடாக வீசியது.

வேதமாணிக்கத்துக்குச் சோடி போதகரின் மனைவி சாராளம்மாள். நல்ல ஆகிருதி. நவமணியும் சிகாமணியும் அவர்களோடு சேர்ந்து ஆட வேண்டும் என்று ஏற்பாடு.

முதல் அடி சிகாமணிக்கு. சட்டைக் கையை மடித்தான். மட்டையை வானத்துக்கு ஓங்கினான். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. வீசினான்... மண்ணாங்கட்டி ஒன்று பறந்து போய் உபதேசியாரின் மேல் விழுந்தது. பந்து வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

"மெட்ராஸ்ல இப்படித்தான் தரையை உழுவாங்களோ?"

வேடிக்கையாகத்தான் கேட்டாள் நவமணி. ஆனால் எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது. கொல்லென்று சிரிப்பு. சிகாமணியின் முகம் ஒரு கணத்தில் மூடிக்கொண்டது. மட்டையை அவளிடம் நீட்டிவிட்டு நடந்தான்.

ஐயோ... ஏன் சொன்னேன்? அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இரண்டாம் குழி, மூன்றாம் குழி... அவன் பேசவில்லை. அவன் புதருக்குள் அடித்ததை அவள் வெளியே எடுத்தாள். அவன் மேட்டில் ஏற்றியதை அவள் குழிக்குள் இறக்கினாள். சாராளம்மாளின் ஆட்டமும் அதே தினுசில் இருந்ததால் இரண்டு சோடியும் சமமாகவே வந்தன. நான்காம் குழியில் பந்தின் மேல் ஒரு மாடு நின்றுகொண்டது. "ஏ... போ... அங்கிட்டுப் போ..." என்று சிகாமணி கெஞ்சினான். மாடு அசைபோட்டது. நவமணி வங்காளியில் ஓர் அதட்டல் போட்டாள். மாடு உடனே நகர்ந்தது.

அவன் உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறான் என்று கண்டுபிடித்துவிட்டாள்.

ஐந்தாம் குழியில் அவன் அடித்த பந்து குளத்தங்கரைக்குப் பறந்தது. இருவரும் தேடப் போனார்கள். அப்போதுதான் வடமேற்கு வானம் கன்னங்கரேலென்று எழுந்து வந்தது. பகல் சட்டென்று இருண்டது. வங்காளத்துக் கோடைப் புயல் சொல்லிவிட்டா வரும்? மாம்பிஞ்சுகள் படபடவென்று உதிர்ந்தன. சாராளம்மாளுக்கு இடியென்றால் பயம். வேதமாணிக்கம் அந்த அம்மாளைக் கைத்தாங்கலாக பிஸ்வாஸ் பாபுவின் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு ஓடுவது தெரிந்தது. இவர்களுக்குப் பக்கத்தில் கிடைத்தது ஒரு வைக்கோல் கொட்டகை. மூன்று பக்கமும் திறந்தது.

மழை வெள்ளைத் திரைபோல் இறங்கியது. கொட்டகையின் ஓர் ஓரத்தில் அவன், மறு ஓரத்தில் அவள்.

"நான் சொன்னது தப்பு..." என்றாள் நவமணி மெதுவாக. "எல்லாரும் சிரிப்பாங்கன்னு நினைக்கலை."

"சிரிக்கட்டுமே. உங்களுக்கும் அதுதானே வேணும். டிராமுலயே ஆரம்பிச்சுட்டியள்... தெரியாத மாதிரி நடிச்சு, என்னைப் பைத்தியக்காரனாக்கி... சீட்டு வேற, பாத்து உங்க கூடவே என்னைக் கோத்து விட்டுட்டுது!"

"சீட்டா கோத்து விட்டது?" நவமணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சீட்டுல உங்க பேரே வரலை, தெரியுமா? உபதேசியார் பேருதான் வந்தது. நான்தான்... நானா உங்க பேரை வாசிச்சேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இடி ஒன்று உருண்டு போனது. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மூடிக்கிடந்த முகம் மெல்ல மெல்லத் திறந்தது. மழைச்சாரல் அவள் இமையில் பட்டு நின்றது. அதைத் துடைக்கவும் தோன்றாமல் அவள் நின்றாள்.

"எதுக்கு... என் பேரை?"

"தெரியலை..."

அவன் ஓர் அடி முன்னால் வந்தான். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவன்போல் நின்றுவிட்டான்.

"நவமணி... நான் வர்ற வெள்ளிக்கிழமை டில்லி போறேன். புதுசாக் கட்டிடம் எழும்புதுல்லா... படம் வரைய ஆள் வேணுமாம். உத்தரவு வந்துட்டுது."

மழை பெய்துகொண்டே இருந்தது. அவளுக்கு மட்டும் எல்லாச் சத்தமும் அடங்கிவிட்டது.

அக்காள் ரங்கூனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். அதன் பிறகு அவள் முகத்தை யாரும் பார்க்கவில்லை. கப்பல் கம்பெனியில் வேலை பார்த்தும் மகளைப் பார்க்க ஒரு தடவை கப்பல் ஏற அப்பாவுக்கு வாய்க்கவில்லை. 'சின்னவளை ஊர் தாண்டிக் கொடுக்கமாட்டேன்' என்று அன்று சொன்னவர், வந்த வரன்களையெல்லாம் அந்த ஒரே வார்த்தையால் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

"நல்லபடியாப் போய்ட்டு வாங்க..." என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். பந்தைத் தேடுவதுபோல் மழைக்குள் இறங்கிவிட்டாள்.

* * *

வந்த வேகத்தில் புயல் போய்விட்டது. கழுவித் துடைத்த வெயிலில் புல்லெல்லாம் பளபளத்தது. குளத்தங்கரையில் பந்தும் கிடைத்தது; ஐந்தாம் குழியும் சமமாகவே முடிந்தது. மற்றச் சோடிகள் பின்தங்கிவிட்டன. சபை மொத்தமும் ஆறாம் குழியைச் சுற்றிக் கூடியது.

சாராளம்மாள் கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள். பந்து உருண்டு போய்க் குழிக்குள் விழுந்தது! வேதமாணிக்கம் குதித்தே விட்டார். அடுத்தது எதிர்ச் சோடி. நவமணி தள்ளிய பந்து குழியின் வாய்க்குப் பக்கத்தில், ஒரு முழ தூரத்தில் வந்து நின்றது. அதை சிகாமணி தட்டிவிட்டால் சமம். தவறினால் கெண்டி அப்பாவுக்கு.

ஒரு முழம்! பச்சைப் பிள்ளைகூடப் போட்டுவிடும்.

சிகாமணி குனிந்தான். நெற்றியில் வேர்த்தது. தட்டினான்... பந்து குழியைத் தொடாமலே சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது.

"ஓ!" என்று சபை ஆர்ப்பரித்தது. வேதமாணிக்கம் மட்டும் சிரிக்கவில்லை. கெண்டியை வாங்க நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஏ தம்பி! வேணும்னுதானே விட்ட?"

"ஐயா?"

"பெரியவரு ஜெயிக்கட்டும்னு விட்டுக் கொடுத்தியா? ஏழு வருஷமா இதுக்கு ஏங்குதேன். பிச்சையா வாங்கவா ஏங்கினேன்? எனக்கு வேண்டாம் இந்தக் கெண்டி!" முகம் சிவந்துவிட்டது அவருக்கு. "மெட்ராஸ்ல ஆடினவன் ஒரு முழத்துல விடுவானா?"

சிகாமணி சுற்றிலும் பார்த்தான். போதகர், சாராளம்மாள், உபதேசியார், பாயில் குழந்தைகள்... கடைசியில் நவமணி. மட்டையைக் கீழே வைத்தான்.

"ஐயா, நான் மெட்ராஸ்ல ஆடினதே இல்ல. இந்த மட்டையைக் கையால தொட்டதே இன்னைக்குத்தான். நேத்துச் சபையில சொன்னது பொய்."

வேதமாணிக்கம் ஓர் அடி முன்னால் வந்தார்.

"கோயில்லயா பொய் சொன்ன?"

"ஆமாய்யா... எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க... தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டு வாய் தானாச் சொல்லிட்டுது." தொடங்கியவனால் நிறுத்த முடியவில்லை. "உங்க மகளை டிராமுல பாத்தேன். அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கலை. நான் வெள்ளிக்கிழமை டில்லிக்குப் போறவன்... பேசாமப் போயிரணும்னுதான் நினைச்சேன். முடியலை. தனியாப் போக மனசு வரலை ஐயா. அவங்களை எனக்குக் கட்டிக் குடுக்கணும்னு கேக்குதேன். இப்பவே இல்ல... நான் போயி ஒரு வீடு பாத்து வச்சுட்டு, முறையா ஊருல இருந்து அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாறேன். ஆனா அந்தப் பந்தை மட்டும் நான் வேணும்னு விடலை. சத்தியமா எனக்கு ஆடத் தெரியாது!"

எங்கோ ஒரு குயில் கூவியது. வேதமாணிக்கத்தின் முகத்தில் கோபமும் சந்தோஷமும் ஒன்றையொன்று முட்டித் தள்ளின.

"அப்ப... நான் நிசமாவே ஜெயிச்சுட்டேனா?" என்றார் தணிந்த குரலில்.

"நிசமாவே ஜெயிச்சுட்டீரு," என்றார் போதகர். "இனி அந்தப் பிள்ளை கேட்டதுக்குப் பதில் சொல்லும்."

"டில்லி... டில்லி ரொம்பத் தொலைவுல்லா..."

அதுவரை பாயில் உட்கார்ந்திருந்த நவமணியின் அம்மா அன்னபாக்கியம் எழுந்து வந்தாள். "ரங்கூனுக்குக் கடலைத் தாண்டணும். டில்லிக்கு ரயில்தானே? இன்னைக்கு ஏறினா நாளை மறுநாள் அங்க. மூத்தவளை நினைச்சு நினைச்சு சின்னவளை வீட்டுலயே வச்சுப் பூட்டுதீங்களே... அவ முகத்தை ஒரு தடவை பாருங்க."

வேதமாணிக்கம் பார்த்தார். மகளின் கண்கள் நிறைந்து நின்றன. "உனக்குச் சம்மதமா தாயி?" என்று கேட்டார். நவமணி தலையை மட்டும் ஆட்டினாள்.

வேதமாணிக்கம் கெண்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தொண்டையைச் செருமினார். "ஒரு நிபந்தனை. எங்க இருந்தாலும் சரி, வருஷா வருஷம் ஈஸ்டர் திங்களுக்கு ரெண்டு பேரும் இங்க வந்து நிக்கணும். நான் இவன்கிட்ட மறுபடியும் ஜெயிக்கணும்!"

சபை சிரித்துக் கைதட்டியது. வேடிக்கையாகப் பேசிய பேச்சுத்தான். ஆனால் அதைக் கேட்டு, டில்லிக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த மற்றவர்களும், "எங்களுக்கும் அதே நிபந்தனைதான்!" என்று குரல் கொடுத்தார்கள். சொன்னபடியே அடுத்த வருஷம் வந்தார்கள், குழந்தை குட்டிகளோடு. அதற்கடுத்த வருஷமும் வந்தார்கள். சபை சிதறிப்போகும், பந்தயம் நின்றுபோகும் என்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ஈஸ்டருக்கு ஹவுரா ஸ்டேஷனில் வந்து நிற்கும் டில்லி ரயிலில் மட்டை மூட்டையோடு நாலு தமிழ்க் குடும்பமாவது இறங்கும் என்பது வழக்கமாகிவிட்டது.

அதெல்லாம் பிறகு. அன்று மாலை...

எல்லோரும் டிராமுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். குழிகளில் நட்ட கொடிகளைப் பிடுங்கும் வேலை நவமணிக்கு. சிகாமணியும் கூடவே வந்தான். ஈரப் புல்லில் இரண்டு நிழல்கள் நீண்டன.

"நான் ஊரைக் கூட்டிச் சொல்லிட்டேன்," என்றான். "நீங்க இன்னும் வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லலை. ஐயா கேட்டதுக்கும் தலையைத்தான் ஆட்டினியள்."

நவமணி கொடித் துணியைச் சுருட்டினாள். பிரித்தாள். மறுபடியும் சுருட்டினாள்.

"வெள்ளிக்கிழமை ஹவுராவுக்கு வருவேன்..."

"ம்?"

"ரயில் புறப்படும்போது அழுவேன். எல்லாரும் பாப்பாங்க. வெக்கமாத்தான் இருக்கும்... ஆனாலும் வருவேன். ஏன்னு கேக்காதீங்க."

"ஏன்?"

"கேக்காதீங்கன்னு சொன்னேன்ல..."

"ஏன்?"

அவள் நிமிர்ந்தாள். மேற்கே சாய்ந்த வெயில் முழுவதும் அவள் முகத்தில் விழுந்தது. இந்த முறை அவள் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"உங்களைப் பிடிச்சிருக்கு... ரொம்பப் பிடிச்சிருக்கு. வெள்ளிக்கிழமை வரவே கூடாதுன்னு இருக்கு. போதுமா?"

சிகாமணிக்குத் தெரிந்த தமிழும் அன்று மறந்துபோனது.